மஞ்சள் காணி

"உங்க புருஷன் பேர் என்னம்மா?"

சார்பதிவாளர் மூன்றாம் முறையாகக் கேட்டார். காந்திமதி மூன்றாம் முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் நின்ற கணவருக்குப் பொறுக்கவில்லை. "பக்தவச்சலம் சார். நான்தான்."

"உங்களையா கேட்டேன்? சொந்த நிலத்தை எழுதிக் கொடுக்கிற பொம்பளை, புருஷன் பேரைத் தன் வாயால சொல்லணும். எங்கேயோ ஒரு ஊர்ல ஒருத்தன் வேற யாரையோ கூட்டிட்டு வந்து, இவதான் என் சம்சாரம்னு கையெழுத்துப் போட வெச்சிருக்கான். என்கிட்ட அது நடக்காது. வெளியில நில்லுங்க."

பக்தவச்சலம் வெளியே நின்றார். கதவிடுக்கு வழியாகக் கோவிலம்பாக்கம் நிலம் தன் கைக்கு வந்துகொண்டிருக்கும் காட்சியைக் காண முயன்றார்.

அது அரை கிரவுண்டு மனை. மகளின் மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று காந்திமதியின் அப்பா கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்த மஞ்சள் காணி. பக்தவச்சலத்தின் முயல் பண்ணைக்கு அவளுடைய வளையல் போனது. பிறகு முயல்களும் போயின. காளான் வளர்ப்புக்குச் சங்கிலி போனது. காளான் முளைக்கவே இல்லை. மிச்சம் இருந்தது இந்த மனை ஒன்றுதான். இப்போது அதை விற்று, நண்பர் சேட்டுவோடு கூட்டாக மேற்குத் தாம்பரத்தில் வீடியோ கேசட் கடை போடத் திட்டம். எண்பத்தேழில் வீடியோ கடை வைத்தவன் ராஜா என்று சேட்டு சொல்லியிருந்தான்.

போன வெள்ளிக்கிழமை, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் தோத்தாத்ரிதான் முட்டுக்கட்டையை முதலில் எடுத்துச் சொன்னார்.

"அப்பா வழியில வந்தா பிதுரார்ஜிதம். நீரே சம்பாதிச்சா சுயார்ஜிதம். பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல கொடுத்தா ஸ்திரீதனம். இது மூணாவது. இதுல ஒரு புல்லுகூட உமக்குச் சொந்தமில்லை."

"அப்போ எனக்கு என்னதான் உரிமை?"

"சுத்திப் பார்க்கலாம். வேலி ஓரமா நின்னு மூச்சு விடலாம். அவாளே மனசார உமக்குத் தானமா எழுதிக் கொடுத்தாதான் உண்டு."

உடனே தான செட்டில்மெண்டு பத்திரம் தயாராயிற்று. 'சூரிய சந்திரர் உள்ளவரை, புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய்' என்று தோத்தாத்ரி மூன்று பக்கத்துக்கு வெளுத்துக் கட்டினார். அன்றைக்கே பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி, சாவியை வழக்கம்போல ஆணியில் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு பக்தவச்சலம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். ஒரு பிரளயத்துக்குத் தயாராக இருந்தார்.

"சரிங்க. உங்க இஷ்டம்" என்றாள் காந்திமதி.

ஆனால் யாருக்குத் தெரியும், நிலத்தைக் கொடுப்பவள் பெயரைக் கொடுக்க மாட்டாள் என்று! வீட்டில் அவர் 'ஏங்க'தான். பதினான்கு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் பெயர் வந்து அவர் கேட்டதே இல்லை.

தோத்தாத்ரி உள்ளே போய்ச் சமாதானம் செய்தார். "ஜாடையா சொல்லுங்கோம்மா. ஆபீசர் புரிஞ்சுப்பார்."

காந்திமதி யோசித்தாள். "திருக்கழுக்குன்றத்துல மலை இருக்குதுங்களே, கழுகு வந்து சாப்பிடுமே..."

அதிகாரி முகத்தில் வெளிச்சம். "வேதகிரியா?"

மலைமேல் இருப்பவர் வேதகிரீஸ்வரர்; கீழ்க்கோயிலில் இருப்பவர்தான் பக்தவச்சலேஸ்வரர். காந்திமதி ஆமென்றும் இல்லையென்றும் தெரியாதபடி தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தாள்.

"யோவ், உள்ள வாய்யா! பத்திரத்துல பக்தவச்சலம்னு போட்டிருக்கு. அந்தம்மா வேதகிரிங்குது. யாருய்யா நீ?"

"சார், நான்தான் சார் புருஷன்!"

"அதை நீயே சொன்னா எப்படி? சாட்சியைக் கூப்பிடு."

சேட்டு சட்டைக் காலரைச் சரிசெய்தபடி வந்தான். "நம்ம மச்சான் சார் இவரு. நல்லாத் தெரியும்."

"மச்சானா? அப்போ அந்தம்மா உனக்கு அக்காவா?"

"அய்ய, அதெல்லாம் இல்ல சார். ஃப்ரெண்டு."

"எத்தனை வருஷமா?"

"வருஷம் இன்னா சார், வீடியோ கடை போடலாம்னு பேசிகினு கீறோமே, அதுலேர்ந்து. மூணு மாசம் ஆவுது."

அதிகாரி பேனாவை மூடினார். பக்தவச்சலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. நிலம் போனால் போகிறது, இப்போது கல்யாணமே செல்லுமா என்ற நிலைமை.

"சாப்பாட்டு நேரம். வந்து பார்க்கிறேன்" என்றார் அதிகாரி.

வாசலில் அம்மணியின் டீக்கடை. பக்தவச்சலம் மனைவியோடு போய் நின்றார்.

"இந்த ஆபீசர் வந்ததுலேர்ந்து இதே பேஜார்தான் சார்" என்றாள் அம்மணி, டீயை ஆற்றியபடி. "புருஷன் பேர வாயால சொல்லலேன்னா பத்திரத்தத் திருப்பிக் கொடுத்துருவாரு. இங்க வர்ற பொம்பளைங்க எல்லாத்துக்கும் சொல்லிகினுதான் கீறேன்." பிறகு காந்திமதியை உற்றுப் பார்த்தாள். காந்திமதி முந்தானையால் முகத்தைத் துடைக்கத் தொடங்கி, நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குத் தோத்தாத்ரி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சார், வாயால வேண்டாம். எட்டாங் கிளாஸ் படிச்சவா. எழுதிக் காட்டட்டுமே."

அதிகாரி இறங்கி வந்தார். காகிதம் வந்தது. பேனா வந்தது. காந்திமதி கண்ணை மூடி, கும்பிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள்.

அதிகாரி வாங்கி உரக்கப் படித்தார்.

"ஏங்க."

குமாஸ்தா சிரிப்பை அடக்க முடியாமல் பீரோவுக்குப் பின்னால் போனார். அதிகாரி பத்திரத்தை மடித்து நீட்டினார். "வீட்டுக்குப் போங்கய்யா. இந்தம்மா மனசார எழுதிக் கொடுக்குதுன்னு என்னால நம்ப முடியல."

வெளியே வந்ததும் சேட்டு, "மச்சான், எனக்கு வேற பார்ட்னர் கீறான்" என்று சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டான்.

பக்தவச்சலத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு பேர் மிரட்டியும் தன் பெயரை நாக்கில் தொடாத ஒருத்தி! இரண்டு முழம் மல்லிகை வாங்கி நடுத்தெருவில் அவள் கையில் கொடுத்தார். பெண்டாட்டிக்குப் பூ வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"இந்தா காந்திமதி. அந்த நிலம் உன் பேர்லயே இருக்கட்டும். இனிமே அதைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். குன்றத்தூர் முருகன் மேல சத்தியம்."

"சூரிய சந்திரர் உள்ளவரைங்களா?" என்றாள் காந்திமதி, பூவை வைத்துக்கொண்டே.

"உள்ளவரை!"

தோத்தாத்ரியும் சாட்சிக்குத் தலையை ஆட்டினார். பக்தவச்சலம் அம்மணியிடம் மூன்று டீ சொல்லிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்துக்கம்மா! இந்தக் காலத்துல இப்படி ஒருத்தியைப் பார்க்க முடியுமா? கழுத்துல கத்தியை வெச்சாலும் என் பேரைச் சொல்ல மாட்டா!"

அம்மணி டீயை ஆற்றுவதை நிறுத்தினாள்.

"இந்தம்மாவா? இன்னா சார் தமாஷ் பண்ற! போன சனிக்கெயம இதே எடத்துல நின்னுகினு, 'பக்தவச்சலம்னு ஒரு ஆளு பத்திரம் எழுத வந்தானா'ன்னு மூணு தபா கேட்டுதே!"