மூச்சேற்றிய தலையணை

ஏழாயிரத்து நானூற்று ஐம்பது. லாரிக்காரன் பெண்டாட்டி மூச்சு ஐயாவுக்கு வைத்திருந்த பாக்கி அவ்வளவு. எதற்கு என்றால், தலையணைக்கு மூச்சு ஏற்றியதற்கு.

சிரிக்காதீர்கள். ஊரே அங்கேதான் கிடந்தது. பழைய செருப்புக் கிடங்கு ஒன்றில் ஐயா உட்கார்ந்திருப்பார். விடியும்போதே வாசலில் வரிசை. ஆளுக்கொரு தலையணை கக்கத்தில். கப்பல்காரன் மனைவி, ஊர் ஊராய் மருந்து விற்கிறவன் மனைவி, செல்போன் கோபுரம் ஏறுகிறவன் மனைவி. எல்லோருக்கும் ஒரே குறைதான். புருஷன் வீடு தங்குவதில்லை, வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை.

ஐயா கண்ட வைத்தியம் இது. புருஷன் எந்தத் திசைக்குப் போனாலும் அவன் மூச்சு தலையணையில் தங்கியிருக்கிறது. நாளாக நாளாக வற்றும். வாரம் ஒருமுறை ஐயா பித்தளைக் குழாய் வைத்து ஊதினால் மறுபடி ஏறிவிடும். கட்டிக்கொண்டு படுத்தால் பிள்ளை. செல்போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரிதான். என்ன, செல்போனுக்கு இவ்வளவு செலவில்லை.

லாரிக்காரன் பெண்டாட்டிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஆஸ்பத்திரி நர்ஸ் இருவரையும் சோதிக்க வைத்து, "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. நான் சொல்ற நாள்ல உன் வீட்டுக்காரர் வீட்ல இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். காசு வாங்காமல் சொன்ன யோசனை. அதனால் மாமியார் அதை மதிக்கவில்லை. மருமகளைக் கையோடு ஐயாவிடம் இழுத்துப் போனாள்.

இனிதான் கூத்து. போன மாதம் நர்ஸ் சொன்ன அதே நாளில் லாரிக்காரன் அடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தான். ஆனால் ஐயாவின் சட்டம் வேறு. ஏற்றின மூச்சோடு அசல் மூச்சு கலந்தால் தலையணை கெட்டுவிடும். ஆகவே புருஷன் கூடத்தில், தலையணை கட்டிலில். அவன் இரண்டு ராத்திரியும் கூரையைப் பார்த்துப் படுத்துவிட்டு மறுபடி வண்டி ஏறினான். ஏறாமல் முடியுமா? மூச்சுப் பாக்கி கட்டக் கூடுதல் நடை ஓட்ட வேண்டுமே. நடை கூடக் கூட அவன் வீட்டுக்கு வருவது குறைந்தது. அவன் வராத குறைக்கு இன்னும் மூச்சு ஏற்ற வேண்டியிருந்தது. செக்குமாடுகூட இதைவிட நேராக நடக்கும்.

இதையெல்லாம் பொறுக்காதவள் லாரிக்காரனின் அக்கா. பஸ் கண்டக்டர். தலையணையோடு பஸ் ஏறுகிற பெண்களிடம், "மடியில வச்சிருந்தா சும்மா. சீட்ல உக்கார வச்சா புருஷனுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்பாள்.

அன்று ஐயாவிடம் போக வேண்டிய நாள். லாரிக்காரன் போனில், "பாக்கிக்காக இன்னொரு லோடு கேட்டிருக்கேன். இந்த மாசமும் வர முடியாது போலிருக்கு" என்றான். பெண்டாட்டி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு சோதனை. ஐயா ஜெயிச்சார்னா உன் பாக்கியை நான் கட்டறேன்."

"என்ன அண்ணி?"

"மூணு தலையணை, ஒரே மாதிரி உறை. ஒண்ணு தம்பியோடது, ஒண்ணு அம்மாவோடது, ஒண்ணு கடையில வாங்கினது. தம்பியோடது எதுன்னு அவர் சொல்லட்டும்."

சரி என்றாள். ஐயா ஜெயிக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். நாலு வருஷ ஆசை லேசில் விடாது.

மாமியாரும் கூடவே வந்தாள், பொக்கை வாயோடு. இரண்டு நாளாக அவள் பல்செட்டைக் காணவில்லை.

ஐயா மூன்றையும் மோந்தார். கண்ணை மூடினார். நடுவில் இருந்ததை நெஞ்சோடு அணைத்தார்.

"இவன்தான். மலைப்பாதையில போயிட்டிருக்கான். என்ன வேகம், என்ன இளரத்தம். சிங்கம் மாதிரி பையன்."

வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாத்தனார் உறையின் பொத்தானைக் கழற்றி உதறினாள். சிங்கத்தின் பல் கீழே விழுந்தது. முழு செட்.

"ஏ, என் பல்லு" என்றாள் மாமியார்.

ஐயா அசரவில்லை. அனுபவஸ்தர். "தாயும் பிள்ளையும் ஒரே மூச்சும்மா. மகன் மூச்சுதான் இதுல இருக்கு. கொடு, ஏத்திடறேன்" என்று குழாயை எடுத்தார். "அதானே பாத்தேன்" என்று வரிசை நிம்மதியானது.

மாமியார் பல்லை மாட்டிக்கொண்டு பாய்ந்து தலையணையைப் பிடுங்கினாள்.

"அதுல ஊதாதய்யா. அறுபத்தெட்டு வயசுல எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா எவ பிள்ளைப்பேறு பாக்கறது?"

கிடங்கே சிரித்தது. லாரிக்காரன் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. கூடத்தில் கூரையைப் பார்த்துக் கிடந்தவன் முகம் அவள் கண்ணில் நின்றது.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "குழாயில ஊதறது யாரு மூச்சு?"

"என் மூச்சுதான்."

"அப்ப பிறக்கிற பிள்ளை யாரு ஜாடையில இருக்கும்?"

சிரிப்பு நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் வயிற்றோடு அணைத்திருந்த தலையணைகளை மெல்லத் தள்ளிப் பிடித்தார்கள். கப்பல்காரன் மனைவி தன்னுடையதைக் கீழேயே போட்டுவிட்டாள்.

ஐயா குரலைத் தாழ்த்தினார். "உன் பாக்கியைத் தள்ளிட்டேன் தாயி. ஏழாயிரத்து நானூத்தி அம்பது, மொத்தமும். பேசாம வீட்டுக்குப் போ."

"அவ பாக்கி சரி. எங்க காசு?" என்றது வரிசை. ஐயா பின்வாசல் வழியாக ஓடினார். ஊர் மூச்சையெல்லாம் ஏற்றியவருக்குத் தெருமுனைக்குள் மூச்சு வாங்கியது. அங்கே பிடித்துவிட்டார்கள்.

அவள் வாசலில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"லோடு ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. பாக்கி தீந்துபோச்சு."

"சரி. கூடத்துல விரிச்சு வை."

"கூடத்துல தலையணை படுத்துக்கும். நீங்க உள்ள வாங்க."

தலையணை எதற்கு, தலைக்கு. அந்தத் தலை எதற்கு என்று, அடுத்த வரிசையில் போய் நிற்கும் முன் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.