உபயம்: அ. வைத்திலிங்கம்

அரியலூர்ப் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், உரக்கடை அ. வைத்திலிங்கம் அவர்கள் தம் தந்தையார் அரியமுத்து அவர்களை 2003 டிசம்பர் எட்டாம் தேதி பெரம்பலூரில் உள்ள கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார். நோட்டீஸ் அடிக்கவில்லையே தவிர, கடைத்தெருவில் இது தெரியாதவர் கிடையாது.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பேச்சு நின்று ஒரு மாதம். வலியில்லாமல், மனசில் ஒரு குறையுமில்லாமல் அவர் போய்ச்சேர வேண்டும். வைத்திலிங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இங்க எதுக்கும் காசு கிடையாதுங்க. மருந்து, கஞ்சி, துணி எல்லாம் இலவசம்" என்றார் பொறுப்பிலிருந்த சிஸ்டர்.

வைத்திலிங்கத்தின் முகம் சுருங்கியது. "உரக்கடைக்காரன் அப்பன் ஓசியில படுத்திருந்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது சிஸ்டர்."

மறுநாளே அப்பாவின் கட்டிலுக்கு நேர்மேலே புது ஃபேன் ஏறியது. மூன்று றெக்கையிலும் சிவப்புப் பெயிண்டில் உபயம், அ. வைத்திலிங்கம், அரியலூர். சுற்றினால் பெயர் தெரியவில்லை என்பதால் சுவரிலும் ஒருமுறை எழுதவைத்தார். பெயிண்டருக்குத் தனியாக இருநூறு ரூபாய்.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் தெரிந்ததுமே ஆயா அம்சவள்ளி ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினாள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா ஆள்காட்டி விரலை மேலே நீட்டினார்.

"ஒண்ணுங்கறாரு மாமா" என்றாள் மனைவி சிந்தாமணி.

"என்ன ஒண்ணு?"

"கூடப் பொறந்த தங்கச்சி ஒண்ணே ஒண்ணுதான? பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்லியே!"

உடையார்பாளையத்துக்கு வாடகைக் கார் பறந்தது. அத்தை தனியாக வரவில்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர். அத்தை அண்ணன் காலடியில் உட்கார்ந்து பத்து வருஷத்துப் பகையை அழுது தீர்த்தாள். அதற்காகவே ரெட்டை வாடகை கொடுக்கலாம் என்று வைத்திலிங்கத்துக்குத் தோன்றியது. டிரைவரும் அதைத்தான் கேட்டான்.

ஆனால் விரல் இறங்கவில்லை.

"நான் இல்லடா வைத்தி" என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். "அந்த ஒத்த ஏக்கர் முந்திரிக்காடு! வித்த அன்னிக்கு அண்ணன் சோறு திங்கல. ஒரு புடி மண்ணு எடுத்தாந்து கையில குடு."

மண் கேட்டு வந்தவரைப் பார்த்ததும் காட்டை வாங்கியவர் வேலியோரமே மறித்தார். "பத்திரம் எம்பேர்லதான் இருக்குங்க!" வந்த காரியத்தைச் சொல்லி, பத்துக் கிலோ முந்திரிப்பருப்பையும் விலைக்கு வாங்கிய பிறகுதான் ஒரு பிடி மண் கிடைத்தது.

அப்பா மண்ணை இடதுகையால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. வலதுகை விரல் மேலேயே நின்றது.

"மேல காட்டுறாருங்க. குலதெய்வத்துக்கு ஏதோ நேர்ந்துக்கிட்டு மறந்துட்டாரு" என்று சிந்தாமணி கண்டுபிடித்தாள்.

கிடா வெட்டினார்கள். நாற்பது பேர் சாப்பிட்டார்கள். அதில் பதினெட்டுப் பேர் திருநீற்றோடு வேனில் பெரம்பலூர் வந்தார்கள். வந்தவர்களுக்கு டீ, வடை, காற்று எல்லாம் தாராளமாக வழங்கப்பட்டன.

"ஓசியில இருக்கறதுக்கே இவ்வளவு ஆவுதே. காசு வாங்குற எடமா இருந்தா வூட்டையே வித்திருப்போம்" என்றாள் சிந்தாமணி.

"வாயை மூடு. அப்பாவுக்கு மேல என்ன இருக்கு?"

வைத்திலிங்கம் திருநீறு பூசினார். பூசிக் கையை எடுத்த சிறிது நேரத்தில், அப்பாவின் விரல் மெல்ல இறங்கியது. மகனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாகக் காணாத சிரிப்பு அந்த முகத்தில் வந்தது.

"சாமி கேட்டுடுச்சு!" என்றது வேன் கூட்டம்.

"மண்ணு வேலை செஞ்சிருக்கு" என்றாள் அத்தை.

வைத்திலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அம்சவள்ளியைப் பார்த்துக் கும்பிட்டார். "தெனம் தொடச்சி, வாயை நனைச்சி, பெத்த புள்ள மாதிரி பாத்தீங்க. என் தோலைச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் தீராதும்மா. கூடவே இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, எதனால அவரு மனசு ஆறுச்சு?"

அம்சவள்ளி தயங்கினாள். சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெரியவருக்கு அந்தக் காத்து ஒத்துக்காதுங்கய்யா, குளிருது. உங்க மனசு நோவக் கூடாதேன்னு நீங்க வர்றப்ப மட்டுந்தான் ஃபேனைப் போடுறது. இப்பக் கரண்ட் போயிடுச்சுங்க."