புகையில் காய்ந்த வீணை

சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கை புஷ்பலதாவுக்கு,

அண்ணன் ஜெயபாலன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கலாதேவியும் நலம். உன் வீணை நலமாக இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அண்ணி போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்பதால் கடிதம்.

உன் மகள் தினேஸ்வரியின் பிரசவத்துக்கு ஜொகூர் கிளம்பும்போது, "அண்ணே, கம்பியத் தளத்தி, துணி போட்டு மூடி வைங்க, வேற ஒண்ணும் செய்யாதீங்கலா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நானும் அப்படியே வைத்தேன். ஆனால் இந்த மழை இருக்கிறதே, விடுவதாக இல்லை. துணியை விலக்கிப் பார்த்தால் குடத்தின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம், முறுக்காணிகள் உப்பிப்போய்த் திருகினாலும் அசையவில்லை. சரஸ்வதி பூசைக்கு நீ கோயிலில் வாசிக்க வேண்டுமே என்று உடனே வேலையில் இறங்கினேன். ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்தே தலை நரைத்தவன் நான். வீணையைப் பின்கட்டில் நட்டுக்குத்தலாகத் தொங்கவிட்டு, அடியில் கரிச்சட்டியைப் பற்றவைத்து, ஈரச் சிரட்டை போட்டுப் பதமாகப் புகை விட்டேன். மரம் நன்றாகத்தான் காய்ந்தது. வீணையின் பித்தளை மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள் என்பது மட்டும் என் மரமண்டையில் ஏறவில்லை. பசியாறிவிட்டு வந்து பார்க்கிறேன், மெழுகு உருகிச் சட்டியில் சொட்டுகிறது, மெட்டுகளெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து, பஸ் வாசலில் ஆட்கள் நெருக்குவதுபோல் குடத்தருகே குவிந்து கிடக்கின்றன. அண்ணி ஓடிவந்து, "ஐயோ, இது என்னா ரப்பர் ஷீட்டாலா? ஒங்க தங்கச்சி வந்தா நான் மகன் வீட்டுக்குப் போயிருவேன், நீங்களே பேசிக்குங்க!" என்று கத்தினாள்.

ஈப்போவில் வாத்தியம் பழுதுபார்க்கும் ரூபனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "யாருண்ணே இத சுட்டது?" என்றார். புதிதாக மெழுகு கட்டி மெட்டு வைக்கலாமாம், ஆனால் பூசைக்குள் முடியாதாம். வருஷத்தில் ஒரு நாள்தான் நீ கோயிலில் வாசிப்பாய், அந்த ஒரு நாளையும் நான் கரியாக்கிவிட்டேன். நினைத்தால் சோறு இறங்கவில்லையம்மா. திட்டாதே என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் திட்டாதே.

தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கவும், நீ மனம் நோகாமல் இருக்கவும் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு நல்லதே நினைத்து, நினைத்ததோடு நிற்காத அண்ணன்,
ஜெயபாலன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நீயே கூப்பிட்டாய். "இந்த வருஷம் வாசிக்க வரலண்ணே, வெரலு மடங்க மாட்டேங்குது. இனிமே முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வீணைய கோயிலுக்கே குடுத்துருங்க" என்றாய். தப்பித்தேன் என்று நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை; வீணை வெந்த கதையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டு, கடிதத்தை உறையிலிருந்து உருவி இதை எழுதுகிறேன். வீணையை யாருக்கும் கொடுக்கமாட்டேன். நீ வாசிக்கவே வேண்டாம். வந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னை வாய் வலிக்கத் திட்டு.