முட்டிச் சாமியின் மூன்று சிட்டிகை

முட்டிச் சாமியைத் தேடி ஓடி வந்த பக்தர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நொண்டித்தான் வந்தார்கள். பழைய சைக்கிள் கடையில் ஊதாத் திரையைத் தொங்கவிட்டு, 'செயற்கை மூட்டுக்குத் தெய்வ அருள்' என்று பலகை மாட்டியிருந்தார் மகான். காலை ஆறு மணிக்கே தெருமுனை வரை வரிசை.

வைத்தியம் சுலபம். வீங்கிய முட்டியில் கை வைப்பார், கண்ணை மூடுவார், முணுமுணுப்பார். பிறகு ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலம்.

"தினம் ஒரு சிட்டிகை. மூணே நாள். நாலாம் நாள் தொட்டா அருள் விஷமாயிடும்!"

வேடிக்கை என்னவென்றால், வலி நிஜமாகவே குறைந்தது, காய்ச்சலும் விட்டது. பத்தே நாளில் இரண்டும் திரும்பி வந்தன. போய்க் கேட்டால், "உனக்கு நம்பிக்கை போதலை" என்பார். குணமானால் சாமியின் சாமர்த்தியம், ஆகாவிட்டால் நோயாளியின் குற்றம். எப்படி வசதி!

அந்த வரிசையில் தையல்காரம்மாவும் இருந்தார். முப்பது வருஷம் மெஷின் மிதித்துத் தேய்ந்த மூட்டை மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. முட்டி வீங்கியதும் ஆஸ்பத்திரியில் ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தார்கள். "உள்ளே கிருமி. திறந்து கழுவணும். தள்ளிப்போட்டா காலே போயிடும்" என்றார் டாக்டர். கத்தி வைக்கப்போகிறார்கள் என்றதும் அம்மாள் முட்டிச் சாமியின் வரிசைக்குப் போய்விட்டார். மூன்று தடவை, மூன்று பொட்டலம். நாலாவது காய்ச்சலில் மருமகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் மறுபடி நீர் எடுக்க வைத்தாள். அங்கே ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துச் சோதிப்பதுதான் அவள் வேலை.

"அத்தை, இனிமேலாவது ஆபரேஷனுக்கு ஒத்துக்கோங்க."

"போடி! நீ கிருமியை வளர்க்கிறவ, சாமி ஒழிக்கிறவர். நான் யாரை நம்பணும்?"

மருமகள் சண்டை போடவில்லை. மறுநாள் அத்தையோடு வரிசையில் நின்றாள்.

"சாமி, சக்தி பொடியிலயா, மந்திரத்துலயா?"

"மந்திரத்துலம்மா! நான் ஓதினா மண்ணும் மருந்தாகும்."

"அப்ப இந்த அரிசி மாவுக்கு ஓதுங்க."

கூட்டமே பார்க்கிறது. மகான் எங்கே போவார்? இரண்டு மடங்கு நேரம் முணுமுணுத்தார். ஓதின மாவு ஒன்று, சாமியின் பொடி ஒன்று, மருமகள் சந்தேகப்பட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்த கிருமிக்கொல்லி மாத்திரையை இடித்தது ஒன்று என மூன்று பொட்டலம். வரிசையில் முதலில் நின்ற பஸ் டிரைவர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, ஆய்வகம் வரை காவலுக்கும் போனார்.

அடுத்த நாள் மருமகள் மூடி ஒட்டிய இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

"இது அத்தை முட்டியில முதல்ல எடுத்த கிருமி. அது மேல மூணு பொட்டலத்துலயும் ஒவ்வொரு சிட்டிகை வெச்சேன். மாவைச் சுத்தி நல்லா வளர்ந்திருக்கு. பொடியைச் சுத்தியும் மாத்திரையைச் சுத்தியும் வட்டமா செத்திருக்கு, ஒரே அளவு. பொடியே அந்த மாத்திரைதான்!"

"மாவுக்கு நம்பிக்கை போதலையோ சாமி?" என்றார் டிரைவர்.

"இன்னொரு தட்டு?" தையல்காரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"மூணு பொட்டலத்துக்கு அப்புறம் எடுத்தது. பாருங்க, வட்டமே இல்லை. மூணு நாள் அடிச்சு விட்டா, தப்பிச்ச கிருமி பெருகிடும். அதுக்கு இப்ப இந்த மருந்து வெறும் தண்ணி."

யாரோ ஊதாத் திரையை இழுத்தார்கள். பின்னால் ஓர் உரல், ஒரு சாக்கு நிறைய காலி மாத்திரை அட்டைகள். அந்தத் தெருவில் முதன்முதலாக ஒருவர் ஓடியதை அன்றுதான் பார்த்தோம். சாமியின் முட்டி அருமையாக வேலை செய்தது.

தையல்காரம்மா அழுதுவிட்டார். "இனி எதுக்குமே அடங்காதா?"

"ஒரே ஒரு மருந்து பாக்கி இருக்கு அத்தை. மூட்டைத் திறந்து கழுவி, ஆறு வாரம் ஊசி."

"ஆறு வாரம்னா ஆறு வாரம். ஒரு நாள் குறைச்சா உன்னைச் சும்மா விடமாட்டேன். ஆட்டோவைக் கூப்பிடு."

கிருமிக்கு மூளையே கிடையாது. மூன்று தடவை அடிபட்டதும் அதுகூடப் பாடம் படித்துவிட்டது. மூளையுள்ள நாம் இன்னும் எத்தனை தடவை வரிசையில் நிற்கப் போகிறோம்?