மூடுபனிப் பேர்வழி

கட்டிடப் படம் வரைகிறவர்களில் மூடுபனிப் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. ஆளைப் பார்த்திராவிட்டாலும் அவர் கைவேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இனிமேல்தான் கட்டப்போகும் வீடு, வெயில் மண்டையைப் பிளக்கும் இடத்தில், விளம்பரத் தாளுக்குள் மட்டும் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நிற்குமே, அது அவர் உபயம்.

கணினியில் வீட்டை எழுப்புவார், மரம் நடுவார், காரை நிறுத்துவார், நாயோடு நடக்கும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்து விடுவார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, "ஏதோ குறையுதே" என்பார். என்ன குறையும்? பனிதான். எதிர் வீட்டுச் சுவர் அசிங்கமா? பனி. மின்கம்பம் உறுத்துகிறதா? இன்னும் கொஞ்சம் பனி. கேட்டால், "படத்துக்கு ஆழம் வேணும் சார், ஆழம்!"

எங்கள் அலுவலகத்துப் பேர்வழிக்கு நாங்கள் வைத்த பெயர் மூட்டம். படங்களுக்கு எண் போட்டு அடுக்குவது என் வேலை. இந்த மார்ச் வரை அவர் பெயரில் இருந்த நாற்பத்தொரு படங்களில் வெயில் அடித்தது ஒன்றில்தான். அதுவும் அவர் விடுப்பில் போனபோது வேறொருவர் முடித்தது.

ஆறு மாதமாக வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எங்களிடம், வீடு கட்ட ஒரு தம்பதி வந்தார்கள். படம் அவர்களுக்குப் பிடித்தால் வேலை எங்களுக்கு. இல்லையென்றால் பக்கத்துத் தெரு அலுவலகத்துக்கு. மூட்டம் படத்தைத் திரையில் காட்டினார். இடுப்பு வரை பனி.

"அடடா, மலை பங்களா மாதிரி இருக்கே!" என்றார் கணவர்.

மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "இங்க துணி காயுமா?"

"நல்லா காயும்மா."

"எப்படிக் காயும்? இந்த ஈரத்துல இவருக்கு மூட்டுவலி வந்தா தைலம் தேய்க்கிறது யாரு, நீங்களா?"

"இது சும்மா அழகுக்கும்மா."

"அழகுக்குன்னா எடுத்துடுங்க. வீட்டைக் காட்டுங்க."

மூட்டம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி முறைத்தார். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. மனை சரிவான நிலம், நம்மவரோ அளவுத்தாளைப் புரட்டாமல் சமதரையென்று வரைந்திருந்தார். வீட்டின் பின்பக்கம் தரையில். வாசல் மூன்றடி அந்தரத்தில்.

"உள்ள எப்படிப் போறது? எகிறிக் குதிச்சா?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாளோ நாற்காலியை மூட்டத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, இங்க ஆறு படி போடுங்க. சாயங்காலம் உக்கார இடமாச்சு. கொடிக்கயிறு பின்னாடி. வெயில் போடுங்க, நல்லா சுள்ளுனு!" ஒரு மணி நேரத்தில் வீடு தரைக்கு வந்தது. "இப்பதான் வீடு மாதிரி இருக்கு."

"அப்ப வேலை எங்களுக்குத்தானே?" என்றார் முதலாளி.

கணவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கூடிய சீக்கிரம் சொல்றோம்."

மூட்டம் என் காதோரம் குனிந்தார். "எங்கிட்டயே பனி போடுறாரு பாருங்க சார்!"

இந்த இனம் கணினி முன்னால் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துச் சிரிக்கிறீர்களா? நல்லது. நேற்று போனில் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றீர்களே, அப்போது செருப்பையாவது மாட்டியிருந்தீர்களா?

கணவரின் 'கூடிய சீக்கிரம்' எவ்வளவு என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். அவர் சொன்னது மார்ச் 4. சம்மதக் கடிதம் வந்தது மே 29.