மரியாதையை மிச்சம் பிடித்தவர்

காரைக்குடி வட்டாரத்திலேயே மரியாதையை மிச்சம் பிடித்துச் சேர்த்துவைத்த ஒரே மனிதர், நாங்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் எங்கள் சுருக்குப்பைதான். எங்கள் ஆய்வுக்கூட டைரக்டரையே ஒருநாள் "எப்ப வார?" என்று கேட்டுவிட்டார்.

"அண்ணே, 'வாரீக'ன்னு சொன்னா வாயா தேஞ்சுரும்?" என்றேன்.

"ஒரு எழுத்து மிச்சம்ல" என்றார்.

எழுபதுகளில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பீரோ மாதிரி உடம்பு, ஞாபகம் மட்டும் கடுகளவு. அந்தக் கடுகிலும் பாதியை மெஷினை மேய்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமே அடைத்துக்கொள்ளும். வேலைக்காரருக்கே வீடு சரியாகப்போய், விருந்தாளி வாசலில் நிற்கிற கதைதான். அதைச் செதுக்கிச் செதுக்கிச் சின்னதாக்குவதே சுருக்குப்பையின் வேலை. நாளடைவில் மனிதர் தன் பேச்சையும் செதுக்க ஆரம்பித்துவிட்டார். நேமத்தான்பட்டியில் அவர் வீட்டில் ஒரு கல்யாணக் கூட்டமே படுத்துப் புரளலாம். வாயில்தான் இடமில்லை.

டெல்லியிலிருந்து குழு வருகிறது, மெஷின் உருப்படியாக எதுவும் செய்யாவிட்டால் மெட்ராசுக்குத் தூக்கிவிடுவார்கள் என்றார்கள். காட்ட இருந்தது நான் எழுதிய கண்மாய்த் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். அதுவோ அந்தக் கடுகு ஞாபகத்துக்குள் நுழைய மாட்டேன் என்றது.

"அண்ணே, மெஷின் மெட்ராஸ் போயிரும். நான் வேலையத்து வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

"ம்" என்றார். அவர் கணக்கில் அதுவே நீளமான பதில்.

குழு வந்தது. மெஷினைப் போட்டதும் டைரக்டரின் பெயரைச் சகல பட்டங்களோடும் அடித்து அது வணக்கம் சொல்லும். அவரே கேட்டுவாங்கிய ஏற்பாடு.

"இப்பப் பாருங்க!" என்று பொத்தானை அமுக்கினார் டைரக்டர்.

வணக்கத்தைக் காணோம். கடகடவென்று கண்மாய்க் கணக்குதான் வந்து விழுந்தது. குழுவினர் காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, "மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அவர்கள் போனதும் டைரக்டர் பாய்ந்தார். "எம் பேரு எங்கய்யா?"

"கண்மாய்க்குள்ள போச்சு" என்றார் சுருக்குப்பை. பெயரை எடுத்த இடத்தில்தான் என் கணக்கை நுழைத்திருந்தார்.

மறுநாள் காலை என் புரோகிராமைப் போட்டேன். கணக்குக்கு முன்னால், ஆங்கில எழுத்தில் ஒரு வரி அடித்தது: 'வாங்க, நல்லாருக்கீகளா?'

"அண்ணே! இதுக்கு மட்டும் எங்குட்டு இருந்து இடம் வந்துச்சு?"

"மிச்சம்" என்றார், தலை நிமிராமல்.

ஊரிடமெல்லாம் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக மிச்சம் பிடித்ததை மனிதர் எனக்காக எடுத்துச் செலவழித்திருந்தார்.