பாசிப்பச்சை முட்டை

பெயின்ட் கடைக்காரர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்ற மனைவியைத் தவிர வேறு யாராலும் முடியாது.

இந்த முறை எடுத்தது சாதாரண முடிவல்ல. பாசிப்பச்சை நிறத்தில் முட்டை போடும் கோழியை உருவாக்கி உலகத்துக்கு வழங்குவது!

"நம்ம கோழி நீல முட்டை போடுது. காப்பி நிறத்துல முட்டை போடுற இனத்துச் சேவலை அதோட சேத்துவிட்டிருக்கேன். நீலத்துல காப்பியைக் கலந்தா என்ன வரும், சொல்லு?"

"வாந்தி வரும்."

"பாசிப்பச்சை வரும்டி! தினம் கடையில கலக்குறவனுக்குத் தெரியாதா?"

"டப்பாவுல கலக்குறதும் கோழியில கலக்குறதும் ஒண்ணாங்க?"

"கலவைன்னா கலவைதான்."

அடை வைத்த முட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் பொரிந்தது. குஞ்சு அமைதியாக, அடக்கமாக இருந்ததாம். அதனால் அது பெட்டைதான் என்று அவரே தீர்ப்புச் சொல்லி, 'இளவரசி' என்று பெயரும் வைத்துத் தனிக்கூண்டில் வளர்த்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிப் பார்த்துப் பார்த்துத் தீனி வைத்ததில்லை மனிதர். இளவரசியும் தின்றாள், கொழுத்தாள், முட்டை மட்டும் போடவில்லை.

கொல்லைப்புறத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலிருந்த அந்தக் கோழிக்கூட்டின் மேல் மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஒருநாள் துணி துவைத்த கையோடு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றார். அதுக்குள்ள பச்சை முட்டை வந்தா கூடு இருக்கட்டும். வரலைன்னா கோழியெல்லாம் அண்ணன் தோட்டத்துக்குப் போகும், இங்க எனக்கு வாஷிங் மெஷின் வரும். சம்மதமா?"

"சம்மதம்!" என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் உறைத்தது. இளவரசியைப் பிரிவதா? அன்று இளவரசிக்கு இரண்டு பிடி தீனி கூடுதலாகவே வைத்தார்.

சனிக்கிழமை வந்தது. முட்டை வரவில்லை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வெள்ளை முட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியொரு பாசிப்பச்சையை அதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் அவர் கலந்து கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி குளிக்கப் போன நேரத்தில் முட்டை கூண்டுக்குள் போனது. அவள் வெளியே வந்ததும் வீடே அதிரக் கத்தினார்.

"போட்டுட்டா! இளவரசி போட்டுட்டா!"

வாசலில் அப்போதுதான் வந்து இறங்கிய மச்சானும் ஓடி வந்தார். முட்டையைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! மாப்பிள்ளை, சாதிச்சுட்டீங்களே!"

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "இளவரசிதான் போட்டாளா? வேற கோழி எதுவும் புகுந்து போட்டிருக்காதே?"

"தனிக்கூண்டுடி! ஈ, எறும்பு புக முடியாது."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலயே நின்னேன். என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

"பாவம், களைச்சுப் போயிருப்பா. கொஞ்சம் காத்தாட வரட்டும்," என்று மனைவி கூண்டைத் திறந்துவிட்டாள்.

இளவரசி வெளியே வந்தாள். சிறகை உதறினாள். ஒரே தாவில் மதில்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"கொக்கரக்கோ!"

மச்சான் முட்டையைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். கடைக்காரர் அவசரமாகச் சமாளிக்கப் பார்த்தார்.

"அது... மொத முட்டை இல்லையா, அந்தச் சந்தோஷத்துல..."

"கொஞ்ச நாளாவே நீங்க கடைக்குக் கிளம்பினதும் இந்தச் சந்தோஷம்தாங்க," என்றாள் மனைவி. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, வண்டியிலேர்ந்து வாஷிங் மெஷினை இறக்கிடுங்க."